படலை கடந்த பணி: யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிள்ளை பெற்றோர் வீட்டுத் தரிசிப்பின் வரலாறு

பிள்ளை பெற்ற தாயையும் பிறந்த சிசுவையும் பயிற்சி பெற்ற அரச ஊழியர் ஒருவர் குறித்த நாள்களில் அவர்களுடைய வீட்டுக்கே சென்று பார்த்து, இருவரின் உடல்நிலையையும் பதிவேட்டில் குறித்து, வேண்டிய ஆலோசனை கூறித் திரும்பும் ஏற்பாடு இலங்கைச் சுகாதாரத் துறையில் வீட்டுத் தரிசிப்பு எனப்படுகின்றது. இப்பணியைச் செய்பவர் அரச ஆவணங்களில் குடும்பநல உத்தியோகத்தர் என்றும் ஊர்ப்பேச்சில் மருத்துவிச்சி என்றும் வழங்கப்படுகின்றார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வேற்பாடு இருபதாம் நூற்றாண்டில் வேரூன்றியது. எனினும் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு பெண் நாள்தோறும் வந்துபோகும் வழக்கம் அதற்கு நெடுங்காலம் முன்பே அங்கு நிலவியது. அவள் எந்த உரிமையில் படலை திறந்து உள்ளே வருகிறாள், எந்த வீடுகளுக்கு வருகிறாள், எந்த வீடுகளைத் தவிர்க்கிறாள் என்பனவே காலந்தோறும் மாறிவந்தன. குடிமைக் கடமை, கிறித்தவ மிசன் தொண்டு, எல்லை வகுத்த அரச சேவை என்ற மூன்று நிலைகளினூடாக இம்மாற்றத்தைக் காணலாம்.

பழைய யாழ்ப்பாணச் சமூகத்தில் பிள்ளைப்பேற்றை அடுத்த நாள்களை ஒழுங்குபடுத்தியது துடக்கு என்னும் விதியாகும். பிறப்பினாலும் இறப்பினாலும் ஒரு குடும்பத்துக்கு நேர்வதாகக் கருதப்படும் தீட்டே துடக்கு. சைவ நூல்கள் இதனை ஆசௌசம் என்று கூறும். பிள்ளைத்துடக்குக் காலத்தில் அக்குடும்பத்தார் கோயிலுக்குச் செல்லமாட்டார். அயலார் அவ்வீட்டில் உண்பதைத் தவிர்ப்பர். தாயும் சிசுவும் தனி அறையொன்றில் இருப்பர். 31ஆம் நாள் வீடு கழுவி, தாயும் பிள்ளையும் முழுகி, துடக்குக் கழிப்பது பொது வழக்கம். பிள்ளை பெற்ற வீட்டைக் கொத்தி என்னும் பேய் சுற்றும் என்ற நம்பிக்கை பரவலாக இருந்தமையால், வாசலில் வேப்பிலை செருகுவதும் தாயின் அருகே இரும்புத்துண்டு வைப்பதும் காவலாகக் கொள்ளப்பட்டன. இவ்விதிகள் உறவினர் பலரையும் விலக்கி வைத்தபோதிலும் இருவகைப் பெண்களுக்கு வழிவிட்டன. ஒருவர் பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவிச்சி. மற்றவர் துடக்குச் சீலைகளை எடுத்துச் சென்று வெளுத்து, மாற்றுச் சீலை கொண்டுவந்து தரும் கட்டாடி குடும்பத்துப் பெண்.

ஊர் மருத்துவிச்சி பல இடங்களில் நாவிதத் தொழில் செய்த குடும்பங்களைச் சேர்ந்தவராக இருந்தார். இன்ன குடும்பத்துக்கு இன்ன குடும்பத்தார் தொழில் செய்யவேண்டும் என்று பரம்பரையாக வகுத்த முறையே குடிமை எனப்பட்டது. அதன்படி மருத்துவிச்சி தமக்குரிய வீடுகளில் பேறு பார்ப்பதோடு, அதன் பின்னரும் பல நாள்கள் வந்து சிசுவைக் குளிப்பாட்டி, கை கால் உருவிவிட்டு, தாய்க்கு எண்ணெய் தேய்த்து, வேது வைத்துக் கொடுப்பார். வேது என்பது நொச்சி, ஆடாதோடை, பாவட்டை, வேம்பு முதலியவற்றின் இலைகளை அவித்த சுடுநீரில் தாயைக் குளிக்க வார்ப்பதாகும். கைம்மாறாக நெல்லும் அரிசியும் சீலையும் காசும் கொடுக்கப்பட்டன. உணவுப் பொறுப்பு பெரும்பாலும் தாயின் தாயிடம் இருந்தது. பெண்ணுக்குச் சீதனமாக வீடும் வளவும் கொடுக்கும் யாழ்ப்பாண வழக்கத்தினால் மணமான பெண்கள் பலர் தாய்வீட்டிலோ அதனை அண்டியோ வாழ்ந்தமை இதற்குத் துணைசெய்தது. மிளகு, சீரகம், மல்லி, மஞ்சள், உள்ளி, வேர்க்கொம்பு ஆகியவற்றை அரைத்துச் சமைக்கும் சரக்குக் கறியும், பால் சுரப்பதற்கென ஆக்கும் பால்சுறாவும் முருங்கையிலையும் பத்திய உணவின் முக்கிய கூறுகள்.

இவ்வேற்பாட்டின் பலம் அதன் தொடர்ச்சியிலே இருந்தது. பிள்ளை பெற்றவள் முழுமையான ஓய்வு பெற்றாள். அவளையும் சிசுவையும் அனுபவமுள்ள கண்கள் நாள்தோறும் பார்த்தன. ஆனால் அதற்குள் ஆபத்துகளும் இருந்தன. கொப்பூழ்க்கொடியை வெட்டிய கருவி சுத்தமற்றதாயின் சிசுவுக்கு ஏற்புவலி உண்டாகும். கழுவாத கை உள்ளே பட்டால் தாய்க்குக் கருப்பைத் தொற்று ஏற்பட்டு, காய்ச்சலும் சன்னியும் கண்டு உயிரைப் பறிக்கும். தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுத்தல், கடும்புப்பால் எனப்படும் முதல் மஞ்சட்பாலைப் பீய்ச்சிக் கழித்தல், சிசுவுக்குச் சீனித்தண்ணீர் பருக்குதல் ஆகிய பழக்கங்களும் தீங்கு விளைத்தன. மேலும் மருத்துவிச்சி எந்த வீட்டுக்குச் செல்வார் என்பதைச் சாதி முறையே தீர்மானித்தது. குடிமைத் தொழில் பெறும் உரிமை மறுக்கப்பட்ட சமூகங்கள் தங்களுக்குள் இருந்த மூத்த பெண்களின் கைப்பழக்கத்தையே நம்பியிருந்தன.

எழுத்துவழி வந்த சித்த மருத்துவமும் பேற்றைப் பற்றிப் பேசியது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரம் என்னும் பெரு நூலில் கெர்ப்பரோக நிதானம், பாலரோக நிதானம் என்ற பகுதிகள் உள்ளன. முன்னது கருவுற்றோர் நோய்களையும் பின்னது குழந்தை நோய்களையும் அவற்றின் குறிகளையும் மருந்துகளையும் கூறுவன. ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை 1928 முதல் 1930களின் நடுப்பகுதி வரை இந்நூலைப் பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். ஆயினும் ஏட்டறிவு ஆண் பரியாரிமாரிடமும் கையறிவு மருத்துவிச்சியரிடமும் இருந்தமையால், பேற்றறையில் இவை இரண்டும் சேர்ந்து இயங்கும் வாய்ப்பு அரிதாகவே இருந்தது.

இதே பிளவை அமெரிக்க மிசனின் மருத்துவப் பணியும் எதிர்கொண்டது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க இலங்கை மிசன் 1820 அளவிலேயே பண்டத்தரிப்பில் வைத்தியர் ஜோன் ஸ்கடரைக் கொண்டு மருத்துவம் தொடங்கியது. 1847இல் வந்து அடுத்த ஆண்டு மானிப்பாயில் நிலைகொண்ட சாமுவேல் பிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தவர். அவர் பதிப்பித்த தமிழ் நூல்களுள் டப்ளின் நகரத்து மருத்துவர் மோன்செல் எழுதிய நூலின் வழிவந்த பிரசவ வைத்தியம் 1857இல் வெளியாயிற்று. கிறீன் யாழ்ப்பாணம் வந்த அதே 1847இலேதான் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்பவர், பேறு பார்க்கும் மருத்துவர்கள் குளோரின் கலந்த நீரில் கை கழுவினால் தாய்மாரின் காய்ச்சல் மரணங்கள் பெரிதும் குறையும் எனக் கண்டார். அவருடைய முடிவை ஐரோப்பிய மருத்துவ உலகமே ஏற்கப் பல பத்தாண்டுகள் ஆயின. ஆகவே அக்காலத்து மேலைப் பிரசவ மருத்துவம் எல்லா வகையிலும் ஊர் மருத்துவிச்சியின் கைப்பழக்கத்தைவிடப் பாதுகாப்பானதாக இருந்தது என்று கொள்வதற்கில்லை. அத்துடன் கிறீனிடம் பயின்ற மாணாக்கர் அனைவரும் ஆண்கள். துடக்கறையில் ஆணுக்கு இடமில்லாத சமூகத்தில் அவர்கள் கற்ற பேற்றியல், இடர் முற்றிய வேளைகளிலேயே பயன்பட்டிருக்க முடியும்.

பெண்களுக்குப் பெண்களே மருத்துவம் செய்யும் நிலை உருவானபோதுதான் இத்தடை தளர்ந்தது. 1824இல் தொடங்கிய உடுவில் மகளிர் பாடசாலை எழுதப் படிக்கத் தெரிந்த பெண்களைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கியது. அவர்களுள் ஒரு பகுதியினர் மிசனின் வேதாகமப் பெண்களாக வீடு வீடாகச் சென்று வாசிப்பும் தையலும் சமயமும் போதித்தனர். சம்பளம் பெற்ற பெண்ணொருத்தி, உறவும் குடிமையும் இன்றி, ஒழுங்காக வீடுகளுக்குச் சென்றுவரும் முறை குடாநாட்டில் முதலில் இவ்வாறு பழகியது. 1880இல் வந்த மேரி, மாகிரெட் லீச் சகோதரிகள் பெண்களுக்கென மருத்துவமனை அமைக்க அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் நிதி திரட்டினர். அதன் பயனாக 1890களின் இறுதியில் இணுவிலில் மக்கிளியட் பெண்கள், பிள்ளைகள் வைத்தியசாலை எழுந்தது. கனடாவில் மருத்துவம் கற்று 1896இல் வந்த மேரி இர்வினும் அவருடன் பணிக்கு வந்த ஐசபெலா கேரும் அங்கு முதற்கட்டப் பெண் வைத்தியர்களாவர். கேர் நீண்டகாலம் இணுவிலில் பணியாற்றினார். மேரி இர்வின் சில காலத்துக்குள் மிசன் பணியை விட்டு, இரத்தினம் என்பவரை மணந்து கொழும்பில் குடியேறி, மேரி இரத்தினம் என்ற பெயரில் பெண்கள் நலப்பணிக்குப் புகழ்பெற்றார். கிராமப் பெண்கள் ஒன்றுகூடிச் சுகாதாரமும் மனைநலமும் கற்கும் லங்கா மகிளா சமித்தியை 1930இல் அவர் நிறுவினார். இணுவில் வைத்தியசாலையிற் பயின்ற தாதியரும் மருத்துவிச்சியரும் சுத்தமான கருவி, கொதித்த நீர், கழுவிய கை என்ற புதிய ஒழுங்கை வலிகாமத்து வீடுகளுக்குள் கொண்டுசென்றனர். ஆயினும் மிசன் சேவை கேட்டு வருவோருக்கே உரியதாயிருந்தது. வராத வீட்டைத் தேடிப்போகும் கடப்பாடு அதற்கில்லை. 1930களின் நடுவில் மூளாயில் ஊரவர் பங்குபணத்தால் எழுந்த கூட்டுறவு வைத்தியசாலையும் பேற்றுக்குப் பேர்பெற்றது; ஆனால் அதுவும் படுக்கை தேடி வருவோருக்கானதே.

அரச சேவை இந்த எல்லையைத் தாண்டியது. இலங்கையில் மருத்துவிச்சியருக்கு முறையான பயிற்சி 1879இல் கொழும்பில் திறக்கப்பட்ட டி சொய்சா பிரசவ மனையை ஒட்டி வளர்ந்தது. 1927ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க மருத்துவக் கட்டளைச் சட்டம் மருத்துவிச்சியரின் பதிவைச் சட்ட ஒழுங்குக்குள் வைத்தது. இப்பதிவு முறைக்கு முன்மாதிரியாக இங்கிலாந்தின் 1902ஆம் ஆண்டு மருத்துவிச்சியர் சட்டம் இருந்தது. அதன்கீழ் வகுத்த விதிகள், பேறு பார்த்த மருத்துவிச்சி அடுத்த 10 நாள்களுக்கும் தாயைக் கவனிக்கும் பொறுப்புடையவர் என்றன. திருப்புமுனையாக அமைந்தது 1926இல் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் களுத்துறையில் தொடங்கிய சுகாதார அலகு. சுகாதார அலகு என்பது வரையறுத்த நிலப்பரப்பொன்றின் நோய்த்தடுப்பு, தாய்சேய் நலம், துப்புரவு ஆகியவற்றை ஒரு சுகாதார வைத்திய அதிகாரியின் கீழ்க் கொண்டுவரும் அமைப்பாகும். அவ்வதிகாரியின் கீழ் ஒவ்வொரு சிறு பகுதிக்கும் ஒரு மருத்துவிச்சி நியமிக்கப்பட்டார். இம்முறை 1930களிலும் 1940களிலும் நாடெங்கும் விரிந்தபோது யாழ்ப்பாணமும் அதனுள் வந்தது.

பிரிவு, பதிவேடு என்ற இரண்டுமே இந்தச் சேவையின் உயிர்நாடி. பின்னாளில் ஏறக்குறைய 3,000 பேருக்கு ஒரு மருத்துவிச்சி என்பது நியமமாயிற்று. அவர் தம் பிரிவிலுள்ள மணமான பெண்களைத் தகுதிவாய்ந்த தம்பதியர் பதிவேட்டில் எழுதி, கருவுற்றோரைக் கிளினிக்குக்கு அழைத்து, பிறப்பை அறிந்ததும் அழைப்பை எதிர்பாராமல் வீட்டுக்குச் செல்வார். வீடு எந்தச் சாதிக்குரியது, கல்வீடா மண்வீடா, காசு கொடுக்குமா என்பன விதியில் இடம்பெறவில்லை. யாழ்ப்பாணச் சமூகச் சூழலில் இது சிறிய மாற்றமன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சமூகத்தினரின் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, குடாநாட்டின் எல்லாச் சமூகத்து வீடுகளையும் ஒரே பதிவேட்டில் வரிசையாக எழுதிச் சென்றுபார்க்கும் கடமை அரச மருத்துவிச்சிக்கு இருந்தது. பரம்பரைக் கடமையாக இழிவுபடுத்தப்பட்ட ஒரு தொழில், சீருடையும் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள உத்தியோகமாக மாறியதும் இதனோடு சேர்ந்ததே.

பயன் புள்ளிவிவரங்களிலே தெரிந்தது. 1930களில் இலங்கையில் உயிருடன் பிறந்த ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தனர்; 1950களின் தொடக்கத்தில் இத்தொகை ஏறக்குறைய 500ஆகக் குறைந்தது; 2010களின் பெரும்பகுதியில் 30க்கும் 40க்கும் இடைப்பட்ட அளவில் நின்றது. இவ்வீழ்ச்சிக்கு மலேரியா ஒழிப்பு, சல்பா மருந்துகளும் பெனிசிலினும், இரத்தமேற்றும் வசதி, இலவச மருத்துவம், பெண்கல்வி எனக் காரணங்கள் பல. தாய்மரணங்களின் பெரும்பகுதி பேற்றின்போதும் அதனை அடுத்த சில நாள்களிலுமே நிகழ்வதால், அந்நாள்களில் வீட்டுக்குள் செல்லும் பயிற்சி பெற்ற ஒருவர் காய்ச்சலையோ மிகுந்த இரத்தப்போக்கையோ முதலிற் கண்டு வைத்தியசாலைக்கு அனுப்பியமை அக்காரணங்களுள் முதன்மையானவற்றைச் சேர்ந்தது. உலக வங்கி 2003இல் வெளியிட்ட ஆய்வு நூலொன்று, இலங்கையும் மலேசியாவும் அதிக செலவின்றித் தாய்மரணத்தைக் குறைத்தமைக்கு ஊர்தோறும் நிறுத்தப்பட்ட மருத்துவிச்சியரை முக்கிய காரணமாகக் காட்டியது.

வீட்டுக்குள் நுழைந்த அரச மருத்துவிச்சி பழைய வழக்கங்களோடு இணக்கம் காணவேண்டியிருந்தது. வேதுக் குளிப்பும் சரக்குக் கறியும் தீங்கற்றவை என விடப்பட்டன. உள்ளியும் முருங்கையிலையும் மீனும் நல்லுணவு எனவே ஊக்குவிக்கப்பட்டன. தண்ணீர்க் கட்டுப்பாடு, கடும்புப்பால் கழிப்பு, சீனித்தண்ணீர், கொப்பூழில் சாம்பலோ எண்ணெயோ பூசுதல் என்பன கண்டிக்கப்பட்டன. இப்பேச்சு பெரும்பாலும் இளந்தாயுடன் அன்றி, அறையின் அதிகாரம் பெற்ற அம்மம்மாவுடனேயே நடத்தப்பட வேண்டியிருந்தது. ஆகவே அனுபவமுள்ள மருத்துவிச்சி முதலில் மூத்தவளின் நம்பிக்கையைப் பெற்றே இளையவளை அணுகினார். துடக்கு விதியும் ஒரு வகையில் அவருக்கு உதவியது. முன்னே ஊர் மருத்துவிச்சிக்குத் திறந்த அறை, அவர் வேறு சமூகத்தவராயினும் புதிய மருத்துவிச்சிக்கும் திறந்தது. தாயை 31 நாள்களும் வெளியே செல்லவிடாத வழக்கத்தினால், அவர் வரும்போதெல்லாம் தாயும் சிசுவும் வீட்டிலேயே இருந்தனர்.

1968இல் தாய்சேய் நலத்துக்கென உருவாகிப் பின்னர் குடும்பநலப் பணியகம் எனப் பெயர்பெற்ற அரச நிறுவனம் நாடு முழுவதற்குமான விதிகளை ஒழுங்குபடுத்தியது. முதல் 10 நாள்களுக்குள் இரு தடவையும், நான்காம் வாரம் முடிவதற்குள் ஒரு தடவையும், 42ஆம் நாளை ஒட்டி ஒரு தடவையும் தரிசிப்பு நிகழவேண்டும். 42 நாள் என்பது கருப்பை பழைய அளவுக்குத் திரும்புவதாக மருத்துவம் கொள்ளும் ஆறு வாரக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் தாயின் உடல்வெப்பம், இரத்தப்போக்கு, கருப்பை இறங்கிய அளவு, தையல் காயம், முலைக்காம்பு ஆகியனவும், சிசுவின் கொப்பூழ், மஞ்சள் நிறம், நிறை, பால் குடிக்கும் முறை ஆகியனவும் பார்க்கப்படும். 1973இல் தொடங்கிய திரிபோஷா என்னும் சத்துமா வழங்கலும் தாய்மாரை இச்சேவையோடு பிணைத்தது. பேற்றை அடுத்த மனச்சோர்வைக் கண்டறிய 1987இல் ஸ்கொட்லாந்தில் உருவான பத்து வினாக்கள் கொண்ட எடின்பரோ அளவையும் பின்னாளில் இப்பணியிற் சேர்ந்தது.

போர்க்காலம் இந்த அமைப்பின் அடிப்படையையே சோதித்தது. பிரிவும் பதிவேடும் சார்ந்த சேவைக்கு மக்கள் இடம்பெயராதிருத்தல் முதல் நிபந்தனை. 1990இல் போர் மீண்டும் மூண்டபோது மின்சாரம் நின்றது. எரிபொருள் தடையினால் குடாநாடு சைக்கிளில் இயங்கியது. மருந்துகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியது. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் தொடங்கிய வலிகாம இடப்பெயர்வில் பல இலட்சம் மக்கள் தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் வன்னிக்கும் ஒருசேர நகர்ந்தனர். கருவுற்றோரும் பிள்ளை பெற்றோரும் பாடசாலைகளிலும் கோயில் மண்டபங்களிலும் மரநிழலிலும் தங்கினர். பதிவேட்டில் இருந்த வீடு ஓரிடத்திலும் தாய் வேறிடத்திலும் இருந்த அக்காலத்தில், இடம்பெயர்ந்த மருத்துவிச்சியரும் சுகாதாரத் தொண்டர்களும் முகாமையே பிரிவாகக் கொண்டு பணிசெய்தனர். 1996இல் மக்கள் வலிகாமம் திரும்பியபோது வீடுகளை மீண்டும் எழுதிப் பதிவேடுகளைப் புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது. புலப்பெயர்வினாலும் பயிற்சிக்கு அனுப்பும் வாய்ப்புக் குறைந்ததாலும் வெற்றிடங்கள் பெருகின. ஒருவரே இரண்டு, மூன்று பிரிவுகளைப் பார்க்கும் நிலை நெடுங்காலம் நீடித்தது.

இன்று வீட்டுப் பிரசவம் குடாநாட்டில் ஏறத்தாழ அற்றுப்போயிற்று. ஒன்றரை ஆண்டுப் பயிற்சி பெறும் குடும்பநல உத்தியோகத்தர் பேறு பார்ப்பது மிக அரிது. ஆனால் இயல்பாகப் பெற்ற தாய் ஓரிரு நாளில் வைத்தியசாலையை விட்டு வீடு திரும்புவதால், காய்ச்சலும் மஞ்சள் நோயும் பாற்கட்டும் தோன்றும் நாள்கள் வீட்டிலேயே கழிகின்றன. வீட்டுத் தரிசிப்பின் தேவை இதனாற் கூடியதேயன்றிக் குறையவில்லை. மகாராட்டிர மாநிலம் கட்சிரோலியில் அபய் பாங் குழுவினர் ஊர்ப்பெண்களைப் பயிற்றி வீட்டிலேயே சிசுக்களைப் பராமரித்துச் சிசு மரணத்தைக் குறைத்ததை 1999இல் வெளியிட்டனர். உலக சுகாதார அமைப்பும் யுனிசெப்பும் 2009இல் சிசுவுக்கான வீட்டுத் தரிசிப்பை எல்லா நாடுகளுக்கும் பரிந்துரைத்தன. யாழ்ப்பாணம் உள்ளிட்ட இலங்கையின் ஊர்களில் அது அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வழக்கமாயிருந்தது. உறவினர் வெளிநாடுகளுக்குப் பெயர்ந்து, அம்மம்மா கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் வீடுகள் பெருகியுள்ள நிலையில், முன்னர் அம்மம்மாவும் மருத்துவிச்சியும் பகிர்ந்த பொறுப்பின் பெரும்பங்கு குடும்பநல உத்தியோகத்தரையே சேர்கின்றது.

மூன்று நிலைகளையும் ஒப்பிட்டால், குடிமை முறை நெருக்கத்தையும் தொடர்ச்சியையும் தந்தது. ஆனால் வீடுகளைச் சாதியாற் பிரித்தது. மிசன் அறிவையும் சுத்தத்தையும் தந்தது. ஆனால் தேடி வந்தோருக்கே தந்தது. அரச சேவை, எல்லைக்குள் அமைந்த ஒவ்வொரு வீடும் ஒரு குறித்த பெண்ணின் பொறுப்பு என்ற விதியைக் கொண்டுவந்தது. கருவிகளும் மருந்துகளும் காலத்துக்குக் காலம் மாறியபோதும், தாய்மரணத்தைக் குறைத்த அடித்தளம் அந்த விதியே. ஒரு பிரிவின் நியமனம் வெற்றிடமாக விடப்படும்போது விதி ஏட்டில் இருந்தாலும் அப்பிரிவின் வீடுகள் பொறுப்பாளரற்றவையாகின்றன; வசதியுள்ளோர் தனியார் மருத்துவமனையை நாடுவர், ஏனையோர் தற்செயலை நம்புவர். குடாநாட்டின் தாய்சேய் நலத்தை அளவிட வைத்தியசாலைகளின் படுக்கைகளை எண்ணினால் மட்டும் போதாது. எத்தனை பிரிவுகளுக்கு மருத்துவிச்சி உண்டு என்பதையும் எண்ணவேண்டும் என்பதே இவ்வரலாறு தரும் முடிவு.